ரப்பர் ஆகாத கைக்கு நைட்ரைல் கிளவுஸ்

மரத்து ரப்பர் சேராத, பவுடர் இல்லாத நீல நைட்ரைல் கிளவுஸைப் பற்றித்தான் எழுதுகிறேன். இன்ன கம்பெனி என்று குறிப்பிடப் போவதில்லை. கடையில் அந்தந்த நேரத்தில் கிடைத்த பெட்டிகளை மாற்றி மாற்றி வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் மாட்டியிருக்கிறேன், நல்லதும் குறையும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சுருக்கமாகக் கேட்டால், சும்மா கை காய்ந்து வெடிக்கிறது என்பதற்காக இதை வாங்க வேண்டாம். ஆனால் ரப்பர் கிளவுஸ் மாட்டிப் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் கை அரித்துத் தடித்து, கழற்றிக் கழுவிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் தடமே இல்லாமல் மறைந்துவிடுகிறது என்றால், விலையைப் பார்க்காமல் இன்றே மாறிவிடுங்கள். கூடவே ஒரு தோல் டாக்டரையும் பாருங்கள், அது கிளவுஸைவிட முக்கியம்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். காலை முதல் மாலை வரை கையில் கிளவுஸ் இருக்கும். ஒவ்வொரு நோயாளிக்கும் புதிது, சில நாள் ஒரே நோயாளிக்கு இரண்டு முறை. கட்டிக்கொடுத்த வீடு குலசேகரம் பக்கம். அங்கே வீட்டைச் சுற்றி ரப்பர்தான். மாமனார் விடியுமுன் பால்வெட்டப் போவார், சிரட்டையில் வடிந்ததை எடுத்து வந்து தட்டில் ஊற்றி ஆசிட் சேர்த்து உறைய வைத்து ஷீட் அடிப்பார், ஒட்டுப்பாலைத் தனியாகச் சேர்த்து விற்பார். ரப்பர் விலை ஏறினால் வீட்டில் சிரிப்பு, இறங்கினால் பேச்சே குறைந்துவிடும். அப்படிப்பட்ட குடும்பத்தில் போய் எனக்கு ரப்பர் ஆகாது என்று சொன்னபோது யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. மாமியார் காணாக்கடி என்றார்கள், வெற்றிலையும் மிளகும் மெல்லச் சொன்னார்கள். மைனி பாத்திரம் விளக்கும் சோப்பை மாற்றிப் பார் என்றாள். அன்பில் சொன்னதுதான் எல்லாம்.

முதலில் போய்ப் பார்த்த டாக்டரும் சோப்பு அலர்ஜி என்று ஒரு ஆயின்மென்ட் எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் வேலை முடிந்து பஸ் ஏறிப் போய் வரிசையில் உட்கார்ந்து உள்ளே போகும்போது என் கையில் பார்க்க ஒன்றுமே இருக்காது. இந்த வகை அலர்ஜியில் உள்ள பெரிய சிக்கலே இதுதான். தோலில் எதுவும் தங்காது. தொட்ட சில நிமிஷத்தில், மிஞ்சினால் அரை மணி ஒரு மணி நேரத்துக்குள் வரும், சில மணி நேரத்தில் போய்விடும், ஒரு நாளைத் தாண்டி அதே தடிப்பு நிற்பது அபூர்வம். அதனால் யாரிடம் காட்டப் போனாலும் சாதாரணக் கை போலத்தான் தெரியும்.

பிறகு திருவனந்தபுரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் பாதிப் பேருக்குத் திருவனந்தபுரம்தானே. அந்த அம்மா என் கையைப் பார்க்குமுன் கேட்ட முதல் கேள்வி, "தொட்டு எத்தனை நிமிஷத்தில் வருது?" என்பது. இரண்டாவது, "எத்தனை மணி நேரத்தில் போகுது?" அந்த இரண்டு பதிலிலேயே அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது. அடுத்த தடவை வரும்போது போனில் படம் எடுங்கள், மாட்டிய நேரம், தடித்த நேரம், மறைந்த நேரம் மூன்றையும் எழுதி வையுங்கள் என்றார். இதை வாசிக்கும் யாருக்காவது இப்படி வந்து வந்து மறைகிறது என்றால் ஆயின்மென்ட் வாங்குமுன் இதைச் செய்யுங்கள். காசு செலவில்லாத பரிசோதனை, டாக்டருக்கு அதைவிட உதவுவது வேறில்லை.

அவர் கேட்ட மற்ற கேள்விகள் எனக்கு ஆச்சரியமாக இருந்தன. பலூன் ஊதினால் உதடு அரிக்குமா? ஆமாம், என் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஊதி உதடு வீங்கியிருந்தது. காலையில் கிளினிக்கில் பெட்டியைத் திறக்கும்போது தும்மல் வருமா? வரும், ஏசி தூசி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். வாழைப்பழம் தின்றால் வாய் அரிக்குமா? அங்கேதான் நான் கொஞ்சம் திகைத்துப் போனேன். மட்டிப்பழம் தின்றால் நாக்கும் அண்ணமும் நமைச்சல் எடுக்கும், சின்ன வயதில் இல்லை, பிற்பாடு வந்தது. அதற்கும் கிளவுஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

சம்பந்தம் இருக்கிறது. ரப்பர் மரத்துப் பாலில் ரப்பர் மட்டும் இல்லை, நூற்றில் ஒன்றிரண்டு பங்கு புரதமும் உண்டு. உடனடி அலர்ஜி வருவது அந்தப் புரதங்களால். அவற்றில் ஹெவின் என்று ஒன்று. வாழைப்பழம், அவகாடோ, செஸ்ட்நட் போன்றவற்றில் இருக்கும் ஒரு புரதத்தின் ஒரு பகுதி ஹெவினைப் போலவே அமைந்திருப்பதால், ரப்பருக்கு எதிராக உடம்பு உண்டாக்கி வைத்த, அலர்ஜியைத் தூண்டும் ஐஜிஇ எதிர்ப்பொருள் பழத்தையும் அதே எதிரி என்று எடுத்துக்கொள்கிறது. ரப்பர் அலர்ஜி உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை ஏதாவது ஒரு பழத்தில் இதை உணர்கிறார்களாம். பப்பாளி, கிவி கூட இந்தப் பட்டியலில் வரும். அந்தப் புரதம் சூட்டில் கெட்டுவிடும் என்பதால் ஏத்தங்காய் சிப்ஸ் எனக்கு ஒன்றும் செய்வதில்லை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர் மட்டியை, பச்சைப் பிள்ளைக்கு முதல் உணவாகப் பிசைந்து ஊட்டும் பழத்தை, நான் தொட முடியாமல் போனதில் இன்னமும் வருத்தம் உண்டு. ரப்பர் ஆகாதவர்கள் எல்லோரும் பழத்தை விட்டுவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வாய் அரிக்கிறதா, அந்தப் பழத்தை மட்டும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். அரிக்கவில்லையா, தாராளமாகச் சாப்பிடுங்கள்.

பரிசோதனைக்கு வருமுன் ஒரு வாரம் செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார்கள். அது உடம்பில் இருந்தால் தடிக்க வேண்டியதும் தடிக்காது. போன அன்று முதலில் தோலில் ஒரு மழுங்கிய குச்சியால் கோடு போட்டுப் பார்த்தார்கள். சிலருக்குக் கீறினாலே தடிக்கும், அவர்களுக்கு இந்தப் பரிசோதனையை நம்ப முடியாது. எனக்கு அப்படி இல்லை. பிறகு முன்கையின் உள்பக்கத்தில் துளித் துளியாக வைத்து ஒவ்வொன்றின் வழியாகவும் லேசாகக் குத்தினார்கள், ரத்தம் கூட வரவில்லை. ஒரு துளி வெறும் உப்புநீர், அது தடிக்கக் கூடாது. ஒரு துளி ஹிஸ்டமின், அது தடித்தே ஆக வேண்டும். இன்னொன்று ரப்பர் பால் சாறு. 15 நிமிஷம் கழித்து ஸ்கேல் வைத்து அளந்தார்கள். உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாகத் தடித்திருந்தால் பாசிட்டிவ். எனக்கு அளக்கவே தேவையிருக்கவில்லை, அவ்வளவு பெரிதாக எழும்பியிருந்தது.

இது இல்லாமல் ரத்தத்தில் லேட்டக்ஸுக்கான, அதாவது ரப்பர் மரத்துப் பாலுக்கான, ஐஜிஇ பார்க்கும் பரிசோதனையும் உண்டு. மாத்திரையை நிறுத்த முடியாதவர்களுக்கும், ஏற்கெனவே மூச்சுத்திணறல் வரை போனவர்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. ஆனால் அது நெகட்டிவ் என்று வந்தாலும், நடந்தது தெளிவாக இருந்தால் டாக்டர் அதோடு விடமாட்டார். ஈரக் கையில் கிளவுஸின் ஒரு விரலை மட்டும் வெட்டி மாட்டி இருபது நிமிஷம் பார்க்கும் முறையும் இருக்கிறது, அதில் ஒன்றும் வராவிட்டால் முழுக் கிளவுஸ். கேட்க எளிதாக இருக்கிறதே, வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று தயவுசெய்து யாரும் இறங்கிவிடாதீர்கள். அங்கே அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். தொட்ட இடத்தில் மட்டும் தடிப்பது முதல் படி. உடம்பு முழுக்கப் பரவுவது அடுத்தது. மூக்கு, கண், மூச்சு, வயிறு வரை போவது அதற்கும் மேல். கடைசிப் படி ரத்த அழுத்தம் விழுந்து மயங்குவது. இன்று முதல் படியில் நிற்பவர் நாளைக்கும் அங்கேயே நிற்பார் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதுகில் பட்டை ஒட்டி 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் வேறு. அது தாமதமாக வரும் அலர்ஜிக்கு. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை செய்யும் என் அத்தைக்கு அண்டித்தோட்டு எண்ணெய் பட்டுக் கை கறுத்து வெடித்துப் புண்ணாவது அந்தப் பக்கத்து விஷயம், எண்ணெயே தோலைச் சுட்டும்விடும். என்னுடையது நிமிஷக் கணக்கு. இரண்டுக்கும் ஒரே ஆயின்மென்ட் எழுதினால் இரண்டு பேருக்கும் சரியாகாது.

சரி, கிளவுஸுக்கு வருகிறேன்.

முடிவு தெரிந்ததும் நாகர்கோவிலில் ஒரு சர்ஜிக்கல் கடைக்குப் போய், ரப்பர் அலர்ஜி இருக்கிறது, ஆகிற மாதிரி கொடுங்கள் என்று கேட்டேன். வெள்ளைப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்து, "இது பவுடர் இல்லாதது மேடம், அலர்ஜியே வராது" என்றார் கடைப் பையன். திருப்பிப் பார்த்தால் அடியில் சின்ன எழுத்தில் இயற்கை ரப்பர் லேட்டக்ஸ் என்று இருக்கிறது. கடையின் பெயர் வேண்டாம், இப்படிச் சொல்லும் கடை அது ஒன்று மட்டும் இல்லை. பவுடர் இல்லாத லேட்டக்ஸ் கிளவுஸும் லேட்டக்ஸ்தான். பவுடரை எடுத்தது பெரிய நன்மை என்பது உண்மை. அந்தச் சோளமாவுத் தூளில் ரப்பர் புரதம் ஒட்டிக்கொண்டு காற்றில் பறந்து மூச்சில் ஏறும், என் காலைத் தும்மலுக்குக் காரணம் அதுதான். அமெரிக்காவில் 2017 ஜனவரியோடு பவுடர் போட்ட மருத்துவக் கிளவுஸையே தடை செய்துவிட்டார்கள். லேட்டக்ஸ் கிளவுஸ் பெட்டியில் அலர்ஜி குறைவானது என்று அச்சிடுவதையும் அங்கே 1998-இலேயே நிறுத்தியாயிற்று. ஆனால் ஏற்கெனவே அலர்ஜி வந்துவிட்ட கைக்குப் பவுடர் இல்லாத லேட்டக்ஸ் தீர்வு ஆகாது. பெட்டியில் கட்டத்துக்குள் லேட்டக்ஸ் என்று தனியாக அச்சிட்டிருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நைட்ரைல் என்பது செயற்கை ரப்பர். பெட்ரோலியத்திலிருந்து வரும் இரண்டு பொருள்களைச் சேர்த்து ஆலையில் உண்டாக்குகிறார்கள். மரத்துப் பாலே சேராததால் அந்தப் புரதம் அதில் கிடையாது. மாட்டிய முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. மதியம் கிளவுஸைக் கழற்றும்போது கை கையாக இருந்தது. அரிப்பைச் சொறியாமல் அடக்கிக்கொண்டு நோயாளியின் வாயில் சக்ஷன் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது எப்படிப்பட்ட வேதனை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த ஒன்றுக்காகவே இதற்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

வேலைக்கு எப்படி என்றால், லேட்டக்ஸ் அளவுக்கு இழுபடாது. மாட்டியதும் கொஞ்சம் இறுக்கமாகத் தோன்றும், சில நிமிஷத்தில் கைச்சூட்டில் இளகிக் கைக்கு ஏற்ற மாதிரி ஆகிவிடும். விரல்நுனியில் உணர்வு நன்றாக இருக்கிறது, மெல்லிய ஃபைல் ஊசியை எடுத்துக் கொடுப்பதில் சிரமமில்லை. எண்ணெய், வாஸ்லின் பட்டால் லேட்டக்ஸ் பிசுபிசுத்துக் கெட்டுவிடும், இது தாங்கும். ஓட்டை விழுந்தால் சட்டென்று கிழிந்து பெரிதாகிக் காட்டிக்கொடுத்துவிடும், தொற்று விஷயத்தில் அது நல்லதுதான். ஆனால் மோதிரமோ நீண்ட நகமோ இருந்தால் ஒரு நாளில் நிறைய வீணாகும். அசிட்டோன் தாங்காது. பல்செட் செய்யும் அக்ரிலிக் திரவம் எந்த மெல்லிய கிளவுஸையும் சில நிமிஷத்தில் ஊடுருவிவிடும், நைட்ரைலும் விலக்கல்ல. அது பட்டால் உடனே கழற்றி மாற்ற வேண்டும்.

இதில் எனக்குப் பிடிக்காதது வியர்வை. நம் ஊர் சித்திரை மாதப் புழுக்கத்தில், கரண்ட் போய் ஏசி நின்ற நேரத்தில், உள்ளே தண்ணீர் தேங்குகிற அளவுக்கு வியர்க்கும். பவுடர் இல்லாததால் ஈரக்கையில் ஏறவும் ஏறாது, இழுத்தால் கிழியும். கை கழுவினாலும் சானிடைசர் போட்டாலும் முழுக்க உலர்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். வியர்வையில் ஊறி ஊறித் தோல் வெந்தது போல் சிவந்தால் அதை அலர்ஜி என்று பயந்துவிடாதீர்கள். நான் இரவில் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் தடவுகிறேன். அதற்குக் காரணமும் உண்டு, வெடித்துப் பிளந்த தோல் வழியாகத்தான் புரதம் எளிதாக உள்ளே போகிறது.

வினைல் கிளவுஸும் வாங்கிப் பார்த்தேன். விலை குறைவு, ரப்பர் புரதமும் இல்லை. ஆனால் தொளதொளவென்று நிற்கும், மணிக்கட்டில் பிடிக்காது, சீக்கிரம் ஓட்டை விழும். ரத்தமும் எச்சிலும் படும் வேலைக்கு வேண்டாம். வீட்டில் மாவு பிசையவும் மருதாணி அரைக்கவும் போதும். பாத்திரம் விளக்கும் மஞ்சள், ஆரஞ்சு நிறக் கெட்டிக் கிளவுஸில் பல இயற்கை ரப்பர்தான், அதையும் பிவிசிக்கு மாற்றினேன்.

நான் மட்டும் மாறியதில் பாதிதான் குணமானது. பக்கத்தில் நிற்கும் இன்னொரு உதவியாளர் பவுடர் போட்ட லேட்டக்ஸை உதறி மாட்டினால் எனக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடும். எங்கள் கிளினிக் டாக்டரிடம் சொன்னேன். அவர் ஒரே வாரத்தில் கிளினிக் முழுவதையும் பவுடர் இல்லாத நைட்ரைலுக்கு மாற்றினார். பல்லைச் சுற்றிக் கட்டும் ரப்பர் டேமும் லேட்டக்ஸ் இல்லாதது வந்தது. பல்லுக்குக் கம்பி கட்டும் பிள்ளைகளுக்குப் போடும் ரப்பர் வளையங்களை இப்போது நான் தொடுவதில்லை, மற்றவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். அதன் பிறகு வரும் ஒவ்வொரு புது நோயாளியிடமும் பலூன், கிளவுஸ் பற்றி ஒரு கேள்வி கேட்டு அட்டையில் எழுதுகிறோம். எனக்கு இந்த நோய் வந்ததில் கிடைத்த ஒரே நல்ல காரியம் என்று அதைத்தான் நினைக்கிறேன்.

மருந்து விஷயம் அதிகமில்லை. தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். தவறிப் பட்டுவிட்டால் உடனே கழுவிவிட்டு, டாக்டர் எழுதித் தந்த லெவோசெட்ரிசின் போடுவேன். வெறும் தடிப்புக்கு அது போதும். குரல் கரகரத்தால், தொண்டை இறுகினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றினால், வாந்தி வந்தால் மாத்திரையை நம்பி உட்காரக் கூடாது. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் உயிரைக் காப்பாற்றும், பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம். ஆளைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைக்க வேண்டும், மூச்சுவிடச் சிரமப்பட்டால் உட்கார வைக்கலாம், எழுப்பி நடக்க விடக் கூடாது. 108-ஐக் கூப்பிடும்போதே அலர்ஜி, மூச்சுத்திணறல் என்று சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் என்று வந்தால் முன்கூட்டியே, அட்மிட் ஆகும்போதே சொல்ல வேண்டும். தோலில் பட்டுத் தடிப்பது ஒன்று, வயிற்றுக்குள் ரப்பர் கிளவுஸ் போட்ட கை போவது வேறு. உள்ளே இருக்கும் ஈரச் சவ்வு புரதத்தை வேகமாக உறிஞ்சிவிடும். சிறுநீர்க் குழாய் சிலிக்கானில் கேட்டு வாங்கலாம். அன்றைய நாளின் முதல் ஆபரேஷனாக வைக்கச் சொல்லிக் கேட்பதும் வழக்கம், அறையின் காற்றில் முந்தைய கேஸின் தூள் இருக்காது. ஆணுறையும் பெரும்பாலும் லேட்டக்ஸ்தான், பாலியூரித்தேனில் செய்தது கிடைக்கிறது. வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் விடுவதால் தெரியாமல் தவிக்கும் பெண்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

வீட்டில் இப்போது எல்லோரும் புரிந்துகொண்டுவிட்டார்கள். பால் ஊற்றும் வேலைக்கு என்னைக் கூப்பிடுவதில்லை. மாமனாரே கை கால் கழுவி, சட்டையை மாற்றிவிட்டுத்தான் பிள்ளையை என்னிடம் வாங்குவார். டயர், செருப்பு மாதிரிக் கெட்டி ரப்பரில் கரைந்து வெளிவரும் புரதம் மிகக் குறைவு, அவற்றால் எனக்குத் தொந்தரவில்லை. பயமெல்லாம் கிளவுஸ், பலூன் போலப் பாலில் முக்கி எடுத்து மெல்லியதாகச் செய்பவற்றோடுதான். பெயின்ட் டப்பாவில் லேட்டக்ஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்து என் அக்கா பயந்துபோய் போன் செய்தாள். அது செயற்கைப் பால், மரத்துப் பால் இல்லை.

இந்தக் கிளவுஸ் யாருக்கு உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். கிளவுஸ் மாட்டி ஒன்றிரண்டு நாள் கழித்துக் கையில் கொப்புளமும் நீர்க்கசிவுமாக வருகிறதென்றால் அது பெரும்பாலும் புரதத்தால் இல்லை, ரப்பரைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் தையூரம், கார்பமேட் போன்ற ரசாயனங்களால். அவை நைட்ரைலிலும் இருக்கலாம். அவர்கள் பேட்ச் டெஸ்ட் எடுத்துவிட்டு, அந்த ரசாயனம் சேர்க்காத நைட்ரைல் என்று குறிப்பாகக் கேட்டு வாங்க வேண்டும், விலை கூடுதல். குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் இறாலும் மீனும் உரிக்கும் பெண்களில் சிலருக்கு உரிக்கும்போதே விரல் அரித்துத் தடிக்கும், அது மீன் புரதம் ஈரக்கை வழியாகப் போவதால். அவர்களுக்கு நைட்ரைல் மிக நன்றாக உதவும், அதற்குப் போய் லேட்டக்ஸ் மாட்டிப் புதிதாக ஒரு அலர்ஜியைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். தோட்டத்தில் காஞ்சொறி பட்டுத் தடிப்பது அலர்ஜியே இல்லை, அந்தச் சுணை யார் மேல் பட்டாலும் அரிக்கும்.

விலை பெரும்பாலும் லேட்டக்ஸைவிடக் கூடுதலாக ஆகும். வாங்கும்போது நைட்ரைல், பவுடர் இல்லாதது, ஏக்யூஎல் 1.5 அல்லது அதற்கும் குறைவு என்ற மூன்றையும் பெட்டியில் படித்துப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது ஓட்டைக் கிளவுஸ் எவ்வளவு குறைவு என்பதைக் காட்டும் எண், சின்னதாக இருந்தால் நல்லது. நிறத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள், நீல நிறத்தில் லேட்டக்ஸும் விற்கிறது. சின்னக் கை உள்ளவர்களுக்கு எஸ் அளவு நாகர்கோவிலில் எப்போதும் இருப்பதில்லை, தக்கலையில் இன்னும் அரிது. முன்னாலேயே போன் செய்து சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருகிறார்கள்.